ஸ்மிதா எழுதிய டயட் சார்ட்

தாராவியில் ஒரு மீன் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அன்று காலை ஸ்மிதா லேபிலிருந்து கிளம்பினாள்.

"பிடிச்சுண்டு வா" என்றார் ஜகந்நாதன், லேபின் தலைவர். கையிலிருந்த ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டார். "இங்க உக்காந்திருக்கற வரைக்கும் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டுவா. ஆத்துக்குப் போனா பழைய குருடி, கதவைத் திறடி. நூத்திப் பத்துல இருந்த அமோனியா இருநூத்திப் பன்னண்டுக்கு சும்மா ஏறுமா?"

ஏறாது. ஸ்மிதாவுக்கும் தெரியும். வெயிலுமுத்து என்ற அந்த மனிதருக்கு ஆறு வாரத்துக்கு முன் அவள் கைப்பட எழுதிக் கொடுத்த டயட் சார்ட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை, கடலை இல்லை, பருப்பு பேருக்கு இரண்டு கரண்டி. சோறு, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரை, குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் வயிறு கொண்ட மட்டும். அதன்படி நடந்தால் ரத்தத்தில் அமோனியா இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது என்றால் யாரோ ஒளித்து வைத்து மீன் சாப்பிடுகிறார்கள்.

ஸ்மிதாவுக்கு வயது நாற்பத்தொன்பது. பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். பரேல் பக்கம் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்துமூன்று வருஷமாக உத்தியோகம். சாப்பிட்டதை உடைத்து உடம்போடு சேர்க்க உள்ளே பல படிகள் உண்டு. அதில் ஒரு படி பிறவியிலேயே பழுதானவர்களின் ரத்தமும் சிறுநீரும் அந்த லேபுக்கு வரும். ஊருக்கெல்லாம் தெம்பு தருகிற பால் ஒரு குழந்தைக்கு விஷம்; இன்னொரு குழந்தைக்குப் பழம் விஷம். எது விஷம் என்று மெஷின் சொல்லிவிடும். "அப்ப நாளைக்குக் காலம்பற இதுக்கு என்ன குடுக்கறது?" என்று அம்மாக்காரி கேட்டால் மெஷின் பேசாது. அங்கேதான் ஸ்மிதாவின் வேலை. மெஷின் சொன்ன எண்களைச் சாப்பாடாக்கித் தட்டில் வைக்கிற வேலை. அரை இட்லியில் எத்தனை கிராம் புரதம், ஒரு கரண்டி ரசத்தில் எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

எல்லாரும் அவளை டாக்டர் என்பார்கள். அவள் டாக்டர் இல்லை. டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். மாமனார் படுக்கையில் விழுந்தார். அவர் எழுந்திருக்கவில்லை, பதிவு காலாவதியாயிற்று. அதைப் பற்றி அவள் யாரிடமும் அதிகம் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டாள். ரயிலில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டு யாருடைய ரிப்போர்ட்டையாவது புரட்டுவாள். "ஒங்கம்மா ஒன் கால்ல சக்கரம் கட்டித்தான் அனுப்பிச்சிருக்கா" என்பார் கணவர் மாதவ். வாஷியில் ஒரு வங்கியில் வேலை அவருக்கு. போன இடத்தில் அமைதியாக உட்காரத் தெரிந்தவர்.

வெயிலுமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தோல் பைப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். சாயங்காலமானால் சில நாள் அவருக்கு நிதானம் தப்பும். வீட்டுக்கு வழி தெரியாமல் ரோட்டு நடுவில் நிற்பார். மனைவியை அக்கா என்பார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொள்ளும். குடி என்றார்கள் எல்லாரும். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், வாசனையே இல்லையே என்று சந்தேகப்பட்டு அமோனியா பார்த்தார். பிறகு லேபில் சிட்ருலின் என்ற ஒன்றும் ஏறியிருப்பது தெரிந்தது. புரதம் செரித்த கழிவான அமோனியா வெளியேறுகிற பாதையில் அடைப்பு, தேங்கியது மூளையைக் கலக்குகிறது என்று ஜகந்நாதன் முடிவு கட்டினார். புரதத்தைக் குறை, மாவுச்சத்தை ஏற்று. இப்படிப்பட்ட சார்ட் ஸ்மிதா குறைந்தது ஐம்பது எழுதியிருப்பாள். மரபணுச் சோதனைக்கு ரத்தம் வெளியே போயிருந்தது. முடிவு வர இன்னும் பன்னிரண்டு நாள்.

சயானில் இறங்கி நடந்து, சந்துக்குள் சந்தாகத் திரும்பி அவள் போய் நின்றபோது, வெயிலுமுத்துவின் மனைவி பிரேமலதா வாசலில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். வருவீயன்னு ஒரு போன் போட்டிருந்தா பெருக்கி வச்சிருப்பேன்."

"இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மாவா?" பிரேமலதா ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள். "டப்பா எல்லாத்தையும் தெறந்து பாருங்க. மேல பரண்லயும் பாருங்க. சந்தேகப்பட்டுத்தான வந்திருக்கீய."

ஸ்மிதா மறுக்கவில்லை. மரியாதைக்குக் கூட மறுக்கவில்லை. டப்பாக்களைத் திறந்தாள். பச்சரிசி, சர்க்கரை, ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு. லேபில் கொடுத்த சின்னத் தராசு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சுவரில் முத்தாரம்மன் படம். அதற்குப் பக்கத்தில் அவளுடைய டயட் சார்ட், பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து மாட்டியிருந்தது.

"இந்த வீட்டுல மீன் வாடை வந்து முப்பத்திமூணு நாளாச்சு" என்றாள் பிரேமலதா. "தசராவுக்கு மாலை போட்டிருக்காவ. நாப்பத்தியொரு நாள் விரதம். மத்தியானம் ஒரு நேரம் பச்சரிசிச் சோறு. சாயந்திரம் வாழப்பழம், பானகம். இந்த மயக்கம் தீரணும்னு நாந்தான் நேந்துக்கிட்டேன், இது மூணாவது வருசம். நீங்களும் மீன் கூடாதுன்னீய, ஆத்தாளும் கூடாதுங்கா. சரி, இந்த வருசமாச்சும் ஆஸ்பத்திரியும் கோயிலும் ஒத்துப்போயிட்டுன்னு நெனச்சேன்."

பரணிலிருந்து ஏணிப்படி கிரீச்சிட்டது. வெயிலுமுத்து இறங்கி வந்தார். சிவப்பு வேட்டி, கழுத்தில் மாலை, சட்டைப் பையில் ஏதோ உப்பலாக. ஆறு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். கடைசிப் படியை எங்கே என்று காலால் தேடினார்.

பிரேமலதா போய் அவரைப் பிடித்தாள். பிடித்த கையோடு சட்டைப் பைக்குள் விட்டு வெளியே எடுத்தாள். உள்ளங்கை நிறைய வறுத்த நிலக்கடலை.

"இந்தா மேடம். நீங்க தேடி வந்த திருடன். பட்டறைல எவன்கிட்டயோ வாங்கிட்டு வந்து பரண்ல கெடந்து கொறிக்காவ."

"பசிக்கி" என்றார் வெயிலுமுத்து.

"பானை நெறையச் சோறு இருக்கு."

"அது சோறு." நாக்கு கொஞ்சம் குழறியது. "நான் பசின்னுதான சொன்னேன்."

ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. கடலையைத் திருடிச் சாப்பிடுகிற மனிதரை அவள் பார்த்திருக்கிறாள். சோற்றைப் பசியோடு சேர்க்காத தமிழரை இதுவரை பார்த்ததில்லை.

"சோறு பிடிக்காதா இவருக்கு?"

"பிடிக்காதாவா?" பிரேமலதாவுக்கு அடக்கி வைத்திருந்தது உடைந்தது. "கட்டிக்கிட்ட நாள்லருந்து இதே பாடுதான மேடம். சோத்தக் கண்டா முகத்தத் திருப்பிக்கிடுவாவ. இனிப்பு வாயில வைக்க முடியாது. கல்யாணத்தன்னைக்குப் பாலும் பழமும் கேசரியும் ஊட்டி விட்டாவ, ரெண்டு நாள் கிறுகிறுன்னு படுத்துக் கெடந்தாவ. எங்க மாமியா சொல்லும், இவன் கடலை மிட்டாய்ல கூட வெல்லத்தத் துப்பிட்டு கடலையத் திம்பான்னு. மீனு, முட்டை, கடலை, இம்புட்டுத்தான். பெறந்ததுலருந்து."

ஸ்மிதா பைக்குள்ளிருந்து ஃபைலை இழுத்தாள். முதல் வாரம் வீட்டுக்காரர்களிடம் எழுதி வாங்குகிற சாப்பாட்டு நோட்டு அதில் இருந்தது. குண்டு குண்டான தமிழ் எழுத்து. மத்தியானம்: சோறு இரண்டு கப், பருப்புக் குழம்பு, கீரை, மீன் ஒரு துண்டு. ராத்திரி: சோறு ஒன்றரை கப், ரசம், அப்பளம். ஏழு நாளும் அப்படியே. இந்த நோட்டைப் பார்த்துத்தான் அவள் சார்ட் எழுதினாள்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"ரெண்டு கப் சோறுன்னு இருக்கே."

"ஆமா. வச்சேன்."

"சாப்ட்டாரா?"

பிரேமலதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அதையா கேட்டீய? வீட்டுல என்ன சாப்பாடுன்னீய, எழுதுனேன். ஆஸ்பத்திரில பத்துப் பேரு படிப்பாவ. புருசனுக்குச் சோறு போடாம கடலையக் குடுத்துக் கெடத்தியிருக்கான்னு என் கையாலயே எழுதவா? வடிச்சேன், தட்டுல வச்சேன். அவுக திங்காம எந்திரிச்சா அந்தச் சோத்த நான் தின்னேன்."

ஸ்மிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் படித்திருந்தாள். மாநாடுகளில் கேட்டுமிருந்தாள். சிட்ருலின் ஏறுகிற வியாதியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் புரதம் விஷம். இன்னொன்றில் நேர்மாறு: அரிசியும் சர்க்கரையும் ஏற ஏறத்தான் உள்ளே அமோனியா தேங்கும். அந்த இரண்டாவது வகைக்காரர்கள் குழந்தையிலிருந்தே தாமாகவே சோற்றையும் இனிப்பையும் ஒதுக்கி, கடலை, மீன், முட்டை என்று தேடித் தேடிச் சாப்பிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், உடம்புக்கே தெரியும். கிழக்கே ஜப்பான், சீனா பக்கம் அதிகம், நம் பக்கம் அபூர்வம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு இரண்டு கப் என்று எழுதியிருக்கிற மனிதரிடம் அவளும் அதைத் தேடவில்லை.

அது நிஜமானால், முப்பத்தாறு வருஷம் இந்த மனிதரைக் காப்பாற்றியது அவருடைய நாக்கு. மூன்று வருஷமாக அதைக் கட்டிப்போட்டது விரதம். ஆறு வாரமாக அதற்குப் பூட்டுப் போட்டது அவள்.

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை. தட்டில் வைத்ததை விட்டுவிட்டு வாய்க்குள் போனதை மட்டும் கேட்டாள். எந்தத் தேதியில் மயக்கம் வந்தது, அதற்கு முந்தின நாள் என்ன. பிரேமலதாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. மச்சினன் கல்யாணத்து ஜாங்கிரி. பட்டறையில் ஒருத்தன் வற்புறுத்திக் கொடுத்த ஒரே ஒரு பீர். போன வருஷ விரதம், அதற்கு முந்தின வருஷ விரதம். போன வருஷம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், விடிவதற்குள் கட்டிலோடு கட்டிப்போடும்படி ஆயிற்று. மீன் சாப்பிட்ட மாதங்களில் மயக்கம் ஒன்றுகூட இல்லை.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா, விரதத்துல ஏதோ கொறை வச்சிட்டோம்னுதான் வருசா வருசம் கடுமையாக்குனோம்" என்றாள் பிரேமலதா. "முத வருசம் பதினோரு நாள். போன வருசம் இருவத்தியொண்ணு."

ஸ்மிதா சந்து முனைக்கு வந்து ஜகந்நாதனுக்குப் போன் செய்தாள். ஆட்டோக்களின் ஹாரனுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பன்னண்டு நாள்ல மரபணு ரிப்போர்ட் வந்துடும். அதுவரைக்கும் இருக்கறதையே தொடரலாம்."

"பன்னண்டு நாள் தாங்க மாட்டார் சார். படியிறங்கத் தெரியல."

"நீ சொல்றது தப்பா இருந்தா? முதல் வகையா இருந்து நீ மீனைக் குடுத்தா, அவன் உன் கையால போவான்."

"சரியா இருந்தா இப்பவே என் கையாலதான் போயிண்டிருக்கார்." "சிட்ருலின் எத்தனைன்னு பாருங்கோ. நானூறு. முதல் வகைல ஆயிரம் ரெண்டாயிரம்னு ஏறும். கம்மியா இருக்கேன்னு அன்னிக்கே தோணித்து. லேசான கேஸ்னு நாம ரெண்டு பேருமே விட்டுட்டோம்."

மறுபக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அட்மிட் பண்ணச் சொல்லு" என்றார் கடைசியில். "வார்டு டாக்டர்ட்ட நான் பேசறேன். குளுக்கோஸ் கூடாது, அதுக்குப் பதில் அமோனியாவை இறக்கற அர்ஜினின் போடலாம். ஆறு மணி நேரத்துக்கொருதரம் அமோனியா பாக்கட்டும். ஏறினா உடனே நிறுத்து. இறங்கினா... பாக்கலாம்."

ஆனால் பிரேமலதா அட்மிட் பண்ணச் சம்மதிக்கவில்லை. எட்டே நாளில் தசரா. மாலையை நடுவில் கழற்றினால் தீங்கு. "அன்னைக்கு மீனு விசம்னு நீங்கதான சொன்னீய. இன்னைக்குச் சோறு விசங்கீய. நாளைக்கு வேற யாராச்சும் வந்து தண்ணி விசம்பாவ. நான் எதத்தான் நம்ப?"

ஸ்மிதா சுவரிலிருந்த சார்ட்டைக் காட்டினாள். "தப்பு என்னோடது. நான் எழுதின சார்ட்தான் இவரை இப்படி ஆக்கியிருக்கு."

"நான் எழுதிக் குடுத்ததப் பாத்துத்தான நீங்க எழுதுனீய. முழுசையும் நீங்களே எடுத்துக்கிட வேண்டாம்" என்றாள் பிரேமலதா. பிறகு பக்கத்துச் சந்திலிருந்து பூலோகத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

பூலோகம் ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். அந்தச் சந்தில் தசராக் குழுவுக்கு மாலை போட்டு விடுகிறவர் அவர்தான். காக்கிச் சட்டைக்குமேல் அவரும் மாலை போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, ஆர்டிஓ குமாஸ்தா மாதிரி யோசித்தார்.

"சும்மா கழட்டக்கூடாது. சாவு, ஆஸ்பத்திரி ரெண்டுக்கும் தள்ளுபடி உண்டு. அட்மிட் ஆனா மாலை தானா எறங்கிரும், குத்தம் கெடையாது. அட்மிட் பேப்பர் இருக்கா?"

"ஆனதும் தரேன்" என்றாள் ஸ்மிதா.

"ஆனா நேந்துக்கிட்ட விரதம் நிக்கக்கூடாதே. பாதியில விட்டா அடுத்த வருசம் மொதல்லருந்து வரும். அப்பயும் இதே பச்சரிசிதான்."

"நான் போட்டுக்கிடுதேன்" என்றாள் பிரேமலதா.

"என்னது?"

"நேந்துக்கிட்டது நான். அவுக எனக்காவப் போட்டாவ. மிச்ச எட்டு நாளு நான் இருக்கேன். எனக்குச் சோறு எறங்கும்."

பூலோகம் தலையைச் சொறிந்தார். "நல்லாத் தெரிஞ்சுக்க. நீ மாலை போட்டா இந்த வாசல்ல மீனு ஏறக்கூடாது. உன் கை படவும் கூடாது. பொறவு என்கிட்ட வந்து சலுகை கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன். உம்மகிட்ட என்னைக்கு எதக் கேட்டு வாங்கியிருக்கேன்?"

பகல் இரண்டு மணிக்கு வெயிலுமுத்துவை வார்டில் சேர்த்தார்கள். மூன்றாவது கட்டில், ஜன்னலோரம். ஸ்மிதா ஒரு தாளில் "குளுக்கோஸ் ஏற்றக்கூடாது" என்று இங்கிலீஷிலும் மராத்தியிலும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள். அப்படியும் மூன்று மணிக்கு ஒரு சிஸ்டர் பாட்டிலோடு வந்தாள். ஸ்மிதா தடுத்தாள். ஷிஃப்ட் மாறியதும் இன்னொருத்தி வந்தாள். பலவீனமான ஆளுக்கு அதுதானே வழக்கம். அவளையும் தடுத்தாள். வார்டு டாக்டரின் கையெழுத்தைக் காட்டினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கட்டிலைச் சுற்றி வந்தாள், திரும்பவும் உட்கார்ந்தாள். எதிர்க் கட்டில் கிழவர், "அம்மா, நீ நடக்கறதப் பாத்தா எனக்குப் பிரஷர் ஏறுது" என்று இந்தியில் முறையிட்டார்.

நாலு மணிக்குத் தட்டு வந்தது. குழைந்த சோற்றுக் கஞ்சி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு வாழைப்பழம். தட்டின்மேல் ஒரு சீட்டு, டயட் சார்ட்டின் ஜெராக்ஸ். கொண்டுவந்த ஆயா நல்லவள். ஃபைலில் இருந்த சார்ட்டைப் பார்த்துச் சமையல்கட்டில் ஸ்பெஷலாகச் செய்யச் சொன்னதாகப் பெருமையோடு சொன்னாள். சீட்டின் அடியில் ஸ்மிதாவின் கையெழுத்து.

ஸ்மிதா ஃபைலை வாங்கி, அதிலிருந்த மூலச் சார்ட்டை உருவி, நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தட்டைத் திருப்பி அனுப்பினாள்.

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் வறுத்துக் கொடுத்த அயிலை மீன் ஒரு டிபன் பாக்ஸில் இருந்தது. மும்பையில் பாங்கடா என்று விற்கிற மீன். அதைத் தாராவியிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஸ்மிதாதான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், ஏனென்றால் பிரேமலதாவின் கழுத்தில் இப்போது மாலை இருந்தது. இப்போது டிபனைத் திறந்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. வெயிலுமுத்துவின் கை சிறகடித்துக்கொண்டிருந்தது. கொடுத்த துண்டை மூக்குக்குக் கொண்டுபோனார்.

பிரேமலதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். "யாராச்சும் ஊட்டணும்" என்றாள். "நான் தொடக்கூடாது."

ஆயா போய்விட்டாள். சிஸ்டர்களுக்கு வேலை இருந்தது.

மாட்டுங்காவில் ஸ்மிதா வளர்ந்த வீட்டில் முட்டை போட்ட கேக்குக்கே தனித் தட்டு. நாற்பத்தொன்பது வருஷத்தில் அவள் மீனின் புரதத்தைக் கிராம் கணக்கில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறாள்; ஒருமுறை தொட்டதில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கை கழுவி, டிபனை மடிக்கு இழுத்தாள்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"வால்லருந்து மேடம். தோல மொதல்ல எடுத்திருங்க... அப்படி இல்ல, பிய்க்காதீய, வழிக்கணும். ஆங். நடுமுள்ளு தெரியுதா? அதப் பிடிச்சு மெதுவா இழுங்க, மொத்தமா வரும்."

மொத்தமாக வரவில்லை. பாதி முள் உள்ளேயே நின்றது. ஸ்மிதா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தாள். சதையை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு வாய்க்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

"இந்த வேகத்துல ஊட்டுனா தசரா வந்திரும்" என்றாள் பிரேமலதா.

"நீங்க வாயை வச்சுண்டு சும்மா இருங்கோ. முள் தொண்டைல சிக்கினா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

முதல் வாயை வெயிலுமுத்து மெல்லவில்லை. வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு அவசரம் அவசரமாக மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்தபடி காத்திருந்தார். இரண்டு அயிலை முடிந்தது. ஒரு அவித்த முட்டை. ஒரு கைப்பிடி கடலை.

ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தில் அமோனியா இருநூற்று நாலு. இறங்கியதா, அது மெஷினின் தள்ளாட்டமா என்று சொல்ல முடியாத எண். ஸ்மிதா அதை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு செம்பூருக்குப் போனாள். மாதவ் தட்டு வைத்தார். அவள் சாப்பிடவில்லை. ஊட்டியது தப்பென்றால் இந்நேரம் ஏறத் தொடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். ஏறினால் எத்தனை மணிக்கு வலிப்பு வரும் என்று போட்டாள்.

பன்னிரண்டு மணி தாண்டியதும், "போன் பண்ணிக் கேளேன்" என்றார் மாதவ்.

"கேட்டுட்டேன். மூணு தடவை. சிஸ்டர் இனிமே எடுக்க மாட்டா."

"அப்ப நான் பண்றேன். என் நம்பர் அவளுக்குத் தெரியாது."

அவர் செய்தார். நோயாளியின் மாமா என்று சொல்லிக்கொண்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்த்து, "நூத்தி எழுபத்தொண்ணு. நல்லதா?" என்றார்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் நூற்று முப்பது. நாலாம் நாள் எழுபத்தெட்டு. அன்று ஸ்மிதா போனபோது வெயிலுமுத்து கட்டிலில் உட்கார்ந்து தன் மீனைத் தானே முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே இழுப்பில் நடுமுள் வந்தது. அவளை நன்றாக உற்றுப் பார்த்தார். அநேகமாக முதல் தடவையாக.

"நீங்கதான் அந்தக் கஞ்சிச் சீட்டு எழுதுனவியளா?" என்றார்.

"நான்தான்."

"கையெழுத்து நல்லாருக்கு" என்றார். "வேற ஒண்ணும் சொல்லதுக்கில்ல."

பிரேமலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தன் பச்சரிசிச் சோற்று டிபனைத் திறந்தாள். தோள் குலுங்கியதிலிருந்து அவள் சிரிப்பது தெரிந்தது.

மரபணு ரிப்போர்ட் தசரா கழித்து வந்தது. இரண்டாவது வகைதான். ஜகந்நாதன் அதை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதணும் ஸ்மிதா. நல்ல ஜர்னல்ல. உன் பேர்தான் முதல்ல வரணும்" என்றார். அதைவிடப் பெரிய மன்னிப்பு அவருக்குக் கேட்கத் தெரியாது.

"எழுதலாம் சார்" என்றாள். எழுதுவதற்கு உட்காரவில்லை. பழைய ஃபைல்கள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள்.

தேட வேண்டியவர்கள்: சிட்ருலின் ஏறியவர்கள், ஆனால் ஆயிரத்தைத் தொடாதவர்கள். லேசான கேஸ் என்று ஓரத்தில் எழுதி, அதே சார்ட்டைக் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். பன்னிரண்டு வருஷ ஃபைலைப் புரட்ட இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருமே மறுபடி வரவில்லை. குணமாகிவிட்டது போலிருக்கிறது என்று அப்போது நினைத்திருப்பாள். என்ன நினைத்தாள் என்றே இப்போது ஞாபகமில்லை.

முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. விலாசம் டிராம்பேயில், ஒரு பழைய குவார்ட்டர்ஸ். அதைக் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது வடாலா. பையன் பெயர் ராஹில். அப்போது பதினொரு வயது, இப்போது பதினேழு. ஆறாவது மணியில் அவன் தாயார் எடுத்தாள். மர்யம். எந்த ஸ்மிதா என்று முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் குரல் மலர்ந்தது.

"டாக்டரம்மாவா. நல்லாருக்கீங்களா? நீங்க குடுத்த சீட்டு இன்னமும் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. அதுல உள்ளபடிதான் குடுக்கறேன். ஒரு நாள் தப்பினதில்ல."

"ராஹில் எப்படி இருக்கான்?"

"இருக்கான். படிப்புதான் ஏறல. பத்தாவதோட நின்னுட்டான். எப்பப் பாரு தூங்கறான். கை நடுங்குதுன்னு ஒரு வேலையிலயும் வைக்க மாட்டேங்கறாங்க. சின்னதுல நல்லாத்தான் இருந்தான், என்னவோ."

"சின்னதுல என்ன விரும்பிச் சாப்பிடுவான்?"

"சின்னதுலயா?" மர்யம் யோசித்தாள். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. பிரியாணி வச்சா கறிய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு சோத்த அப்படியே வச்சிருவான். அந்தக் கெட்ட பழக்கத்த மாத்த ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு. அடிச்சு அடிச்சு மாத்தினேன்."

ஸ்மிதா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால்.

"இப்ப வீட்டுலதான் இருக்கேளா?"

"இருக்கேன். ஏம்மா?"

"மத்தியானச் சாப்பாடு இன்னும் போடலையே அவனுக்கு?"

"இப்பத்தான் ஒலை வச்சிருக்கேன்."

"போட வேண்டாம்" என்றாள் ஸ்மிதா. "நான் வரேன். நான் வர வரைக்கும் சோறு போட வேண்டாம்." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாடிப்படியில் இறங்கத் தொடங்கினாள்.